எல்லாம் ஒரே தலைக்குள் இருக்கக் கூடாது: நாள்பட்ட நோயுள்ள குழந்தையை வளர்க்கும் வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

என் மகளுக்கு 6 வயதில் முதல் வகைச் சர்க்கரை நோய் (டைப் 1; தினமும் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டிய வகை) வந்தது. இரண்டு வாரமாகக் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். எப்போதோ விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பி வந்தது. உடைகள் தொளதொளவென்று ஆயின. வெயில் என்றும், வளரும் வயது என்றும் நானே ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அவளுக்கு 14 வயது. இடைப்பட்ட காலத்தில் செய்த தவறுகளில் எது பெரியது என்று கேட்டால், அந்த இரண்டு வாரத் தாமதத்தைக்கூடச் சொல்ல மாட்டேன். அளவு, நேரம், மருந்து இருப்பு, அடுத்த பரிசோதனைத் தேதி என்று எல்லாவற்றையும் என் தலைக்குள் மட்டுமே வைத்திருந்ததைத்தான் சொல்வேன். மூன்றாவது ஆண்டில் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்துவிட்டேன். இரவு 2 மணிக்குக் கணவர் என்னை உலுக்கி எழுப்பி, "எத்தனை யூனிட் போட வேண்டும்?" என்று கேட்டார். அரைத் தூக்கத்தில் ஓர் எண்ணைச் சொன்னேன். அது அந்த வாரத்து எண்ணா, போன மாதத்து எண்ணா என்று எனக்கே தெரியவில்லை. நல்லவேளையாக அவருக்குச் சந்தேகம் வந்து, மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டுவிட்டுத்தான் போட்டார்.

ஆகவே, இப்போதுதான் இந்தப் பாதையில் கால் வைத்திருக்கும் பெற்றோருக்கு நான் சொல்லும் முறை முழுவதும் ஒரே வேலையைச் சுற்றித்தான் வரும்: தலையில் இருப்பதைத் தாளுக்கும், தாளில் இருப்பதை இன்னொருவர் கைக்கும், கடைசியில் குழந்தையின் கைக்கும் மாற்றுவது. இழைப்பு (ஆஸ்துமா), வலிப்பு, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு என்று நோய் எதுவானாலும் இது பொருந்தும். மருத்துவத்தை உங்கள் மருத்துவர் சொல்லித் தருவார். நான் சொல்வது வீட்டை நடத்துவதைப் பற்றி.

முதல் பதினைந்து நாள்: ஆபத்து எது என்பதை மட்டும் படியுங்கள்

நோயின் பெயரைக் கேட்ட அன்று இரவே செல்பேசியில் தேட ஆரம்பிப்பீர்கள். யாராலும் அதைத் தடுக்க முடியாது. ஆனால் அந்த நாட்களில் மனம் ஈரச் சுவர் மாதிரி. எதைப் பூசினாலும் வழிந்துவிடும். இருபது ஆண்டுக்குப் பிறகு என்ன ஆகும் என்பதை இப்போது படிக்க வேண்டாம். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் நான்கு கேள்விக்குப் பதில் வாங்குங்கள். எதை அவசரம் என்று எடுத்துக்கொள்வது? அது நடந்தால் முதல் பத்து நிமிடத்தில் வீட்டில் என்ன செய்வது? இரவானாலும் விடுமுறையானாலும் எந்த எண்ணுக்கு அழைப்பது? எந்த மருந்தைச் சொந்த முடிவில் ஒருபோதும் நிறுத்தக் கூடாது?

பதில்கள் நோய்க்கு நோய் மாறும். என் மகளுக்கு ரத்தச் சர்க்கரை (ஒரு டெசிலிட்டருக்கு) 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் உடனே வேகமாகக் கரையும் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. வலிப்பு வரும் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், காலை வரை காத்திருக்காமல் கிளம்ப வேண்டும். நெடுநாள் ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தைக்கு அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. உடல் தானாகச் சுரக்க வேண்டியது அத்தனை நாளும் தூங்கிப்போயிருக்கும். எழுந்திருக்க நேரம் பிடிக்கும்.

கேட்டதை உங்கள் சொற்களில் செவிலியரிடம் திருப்பிச் சொல்லுங்கள். "நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள்" என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நான் அப்படிச் சொல்லிப் பார்த்த முதல் நாளிலேயே இரண்டு தவறு வெளிப்பட்டது.

தாளும் நோட்டும்

தாள் ஒரே பக்கம்தான். அதில் குழந்தையின் பெயர், நோய், எடை, ஒவ்வாமை, மருந்துகளும் அளவும் நேரமும், மேலே சொன்ன அவசர வழிமுறை, மூன்று தொலைபேசி எண்கள். வலது மூலையில் தேதி. சுவரில் ஒன்று, மருத்துவமனைக்கு எடுத்துப்போகும் பையில் ஒன்று. குழந்தைகளின் அளவுகள் பெரும்பாலும் எடையை ஒட்டியவை. பிள்ளை வளர வளர அளவு மாறும், தாளும் மாறும். புதிய தாள் ஒட்டும்போது பழையதைக் கிழித்துவிடுங்கள். இரண்டும் இருந்தால் இரவு 2 மணிக்குக் கண் பழையதன்மேல்தான் விழும்.

எண்களை எழுதுவதில் கொஞ்சம் கறாராக இருங்கள். அரை என்றால் 0.5 என்று எழுதுங்கள். முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டால் புள்ளி கண்ணில் படாமல் 5 ஆகிவிடும். ஐந்துக்கு 5.0 வேண்டாம், அது 50 ஆகிவிடும். மில்லிகிராம், மில்லிலிட்டர் இரண்டையும் சுருக்காமல் முழுதாக எழுதுங்கள். சிரப்பைச் சமையலறைக் கரண்டியில் அளக்காமல், வாயில் விடும் சிரிஞ்சில் அளந்து, எந்தக் கோடு வரை என்பதைப் பேனாவால் குறித்துவைக்கலாம். இன்சுலின் போடும் வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை: ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு அடர்த்திகள் புழங்கும் இடங்கள் உண்டு. குப்பி ஒன்று, சிரிஞ்சு இன்னொன்றுக்கானது என்றால் அளவு இரண்டரை மடங்கு பிசகும். சிரிஞ்சு வாங்க யார் போனாலும், குப்பியைப் படம் எடுத்துக்கொண்டு போகட்டும்.

நோட்டு வேறு விஷயம். நடந்தவை, பரிசோதனை முடிவுகள், மருந்து மாறிய தேதி, மருத்துவரிடம் கேட்க நினைத்த கேள்விகள் எல்லாம் அதில். எல்லாம் செல்பேசியிலேயே இருக்கிறது என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்தச் செல்பேசியின் பூட்டு வேறு யாருக்குத் திறக்கத் தெரியும்?

இரண்டாவது ஆள்

இதுதான் கடினமான படி. நான் இதில் மூன்று ஆண்டு தோற்றேன்.

எப்படி நடக்கிறது என்றால், முதல் வாரம் மருத்துவமனையில் தங்கியவர் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். பெரும்பாலும் அம்மா. மற்றவர் முயன்றால் மெதுவாகச் செய்கிறார், தடுமாறுகிறார். "விடுங்கள், நானே போட்டுவிடுகிறேன்." அடுத்த முறையும் அப்படியே. ஆறு மாதத்தில் வீட்டில் ஒருவர் நிபுணர், இன்னொருவர் எடுபிடி. பிறகு அந்த நிபுணரே, "எனக்கு ஒருவரும் உதவுவதில்லை" என்று அழுவார். அழுததும் நான்தான், பஞ்சைக் கையிலிருந்து பிடுங்கியதும் நான்தான். என் கணவர் ஊசி போடும் இடத்தை ஒரு தினுசாகத் துடைப்பார், நான் வேறு தினுசாகத் துடைப்பேன். இரண்டிலும் இடம் சுத்தமாகத்தான் இருந்தது. அதற்கு நான் சொன்ன பேச்சுகளை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

காய்ச்சலுக்குப் பிறகு நாங்கள் செய்தது இது. வாரத்தில் ஒரு நாள் முழுவதும் அவருடையது. காலை எழுந்ததிலிருந்து மறுநாள் காலை எழும்வரை அளவு, ஊசி, உணவு, முடிவு எல்லாம் அவர் பொறுப்பு. முதல் மாதம் அந்த நாட்களில் நான் வீட்டிலேயே இருக்கவில்லை. இருந்தால் என் வாய் சும்மா இருக்காது என்று இருவருக்கும் தெரியும். எதைத் திருத்தலாம் என்பதற்கு ஒரு விதி வைத்துக்கொண்டோம்: குழந்தைக்குத் தீங்கு வருமென்றால் மட்டும் வாய் திறப்பது, பாணி வேறு என்றால் பேசாமல் இருப்பது. ஒரு வேலையை ஒப்படைத்தால் முழுதாக ஒப்படையுங்கள். "மாலை மருந்தை நீங்கள் கொடுங்கள், நான் நினைவூட்டுகிறேன்" என்றால் ஒப்படைத்ததாக ஆகாது. நினைவில் வைத்திருப்பதுதானே பாதி பாரம்!

மருத்துவமனைக்கும் மாறி மாறிப் போங்கள். மற்றவர் சொல்லித் தெரிந்துகொண்டவருக்கும், மருத்துவரிடம் நேரில் கேட்டவருக்கும் வித்தியாசம் உண்டு. மருந்து இருப்பைப் பார்ப்பது ஒருவரின் வேலையாக இருக்கட்டும். இரண்டு பேர் பொறுப்பு என்றால் இரண்டு பேரும் மற்றவர் வாங்கிவிட்டார் என்று இருப்பார்கள். பத்து நாளைக்குக் குறைந்தால் வாங்கிவிட வேண்டும் என்பது எங்கள் கணக்கு.

தனியாக வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம், இன்னும் கடினம். முழுப் பொறுப்பையும் ஏற்கும் ஒருவர் கிடைக்காவிட்டால் துண்டு துண்டாகப் பிரியுங்கள். பாட்டி அவசர வழிமுறை மட்டும் கற்கட்டும்; பக்கத்து வீட்டுக்காரர் சாவியும் தாளும் வைத்திருக்கட்டும்; சகோதரரோ தோழியோ மாதம் ஒருமுறை மருந்து வாங்கித் தரட்டும். "ஏதாவது உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று கேட்பவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களிடம் "பரவாயில்லை" என்று சொல்லி அனுப்பாதீர்கள். கிழமையும் நேரமும் வைத்து ஒரு வேலையைக் கேளுங்கள். நம்ப மாட்டீர்கள், பலருக்கு அது நிம்மதி.

இன்னொன்று. நோயைப் பற்றிப் பேச ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு இரவு உணவுக்குப் பின் கால் மணி நேரம். அதற்கு வெளியே, அவசரமில்லாவிட்டால், பேச்சில்லை. அதற்கு முன்பு வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே "இன்று சர்க்கரை எவ்வளவு?" என்பதுதான் எங்களுக்குள் முதல் வாக்கியமாக இருந்தது. மகள் அதை ஒருநாள் அப்படியே நடித்துக் காட்டினாள். சிரித்தோம், ஆனால் வலித்தது.

இரவை ஆளுக்கு ஒன்றாகப் பிரியுங்கள்

இரவில் விழித்துப் பார்க்க வேண்டிய நோய் என்றால், ஒரே இரவை இரண்டாகப் பிரிக்காதீர்கள்; இருவருக்கும் தூக்கம் கெடும். ஆளுக்கு ஒரு முழு இரவு. அன்று முறை இல்லாதவர் வேறு அறையில், முடிந்தால் காதை அடைத்துக்கொண்டு தூங்கட்டும். கருவிகளின் அலாரம் அளவுக்கு மீறி அடித்தால் அதன் வரம்புகளை மருத்துவரிடம் பேசி மாற்றுங்கள். எதற்கெடுத்தாலும் அடிக்கும் அலாரத்தைக் கொஞ்ச நாளில் காது கேட்பதை நிறுத்திவிடும்.

ஊசியும் உண்மையும்

"வலிக்கவே வலிக்காது" என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்து நீங்கள் சொல்லும் உண்மையையும் குழந்தை நம்பாது. "சுருக்கென்று இருக்கும், நீ ஐந்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும்" என்று சொல்லுங்கள், சொன்னபடி முடியுங்கள். சிறு குழந்தையைப் படுக்கவைத்து அழுத்திப் பிடிப்பதைவிட, மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து அணைத்துக்கொண்டால் பயம் குறையும். ரத்தம் எடுக்கும் நாட்களுக்குத் தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். அதைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும். வாசலில் நின்று தடவிப் பயனில்லை. ஊசி வேண்டுமா என்று கேட்காதீர்கள், அது அவள் கையில் இல்லை. எந்தக் கை, யார் மடி என்பதெல்லாம் அவள் கையில் இருக்கட்டும். படுக்கையில் வைத்து ஊசி போடாதீர்கள். அது தூங்கும் இடமாகவே இருக்கட்டும்.

"அடம் பிடித்தால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்ற மிரட்டலை வீட்டிலும் உறவிலும் தடை செய்யுங்கள். நோயுள்ள பிள்ளைக்கு அது வெறும் பூச்சாண்டி இல்லை, தினசரி வாழ்க்கை. அது தண்டனை என்று அவள் ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கவும் கூடும். பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகள், சில சமயம் அதற்குப் பிறகும், தாங்கள் செய்த ஏதோ ஒன்றால்தான் நோய் வந்தது என்று எண்ணிக்கொள்வார்கள். என் மகள் நான்கு மாதம் கழித்துக் கேட்டாள்: "அன்றைக்கு மிட்டாயை ஒளித்துவைத்துத் தின்றேனே, அதனாலா?" உடலின் காவல் படையே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை எதிரி என்று தவறாக நினைத்து அழித்துவிட்டது, மிட்டாய்க்கும் இதற்கும் தொடர்பில்லை என்று விளக்கினேன். நான்கு மாதம் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். நீங்கள் குழந்தை கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். "இது யார் செய்த தப்பும் இல்லை" என்று முதல் வாரமே சொல்லிவிடுங்கள், மாதத்துக்கு ஒருமுறை திரும்பவும் சொல்லுங்கள்.

எதுவும் கேட்காத பிள்ளை

எனக்கு மகளைவிட மூன்று வயது மூத்த மகன் இருக்கிறான். அவளுக்கு நோய் வந்த முதல் ஓராண்டு முழுவதும் அவன் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. "எவ்வளவு சமர்த்து" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். பள்ளிச் சுற்றுலாவுக்குக் கையெழுத்துக்கூட வாங்காமல், போக விருப்பமில்லை என்று சொல்லியிருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. தொல்லை தரும் உடன்பிறப்பை யாரும் கவனிக்காமல் விடுவதில்லை. அமைதியாக இருப்பவனைத்தான் பாருங்கள்.

அவனுக்கும் நோயைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள், அது தொற்றாது என்பதையும் சேர்த்து. வாரத்தில் அரை மணி நேரமாவது அவனோடு மட்டும், நோய்ப் பேச்சில்லாமல் இருங்கள். மருத்துவமனை அழைப்பு வந்தாலொழிய அதை ரத்து செய்யாதீர்கள். தங்கைக்குக் காவலாளியாக அவனை நியமிக்காதீர்கள். அவசரத்தில் யாரை அழைப்பது என்று தெரிந்தால் போதும். அவளுக்கு ஒரு சட்டம், அவனுக்கு ஒரு சட்டம் என்று ஒழுக்கத்தில் வேறுபாடு வைத்தாலும் இருவரும் கெடுவார்கள். சர்க்கரை இறங்கியிருக்கும்போது கத்தினால் விட்டுவிடலாம். மற்ற நேரத்தில் அண்ணனை அடித்தால் அவளும் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும்.

பள்ளி

பருவம் தொடங்கும் முன்பே போய்ப் பேசுங்கள். சுவரில் ஒட்டிய அதே தாளின் எளிய வடிவத்தை வகுப்பாசிரியர், விளையாட்டு ஆசிரியர், அலுவலகம் மூவரிடமும் கொடுங்கள். படித்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாமல், பத்து நிமிடம் செய்து காட்டுங்கள். அவசர மருந்து பூட்டிய அலமாரியில் இருந்தால், சாவி யாரிடம் என்று கேளுங்கள். அவர் விடுப்பில் இருக்கும் நாளில் யாரிடம் என்றும் கேளுங்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கும் பிள்ளை என்றால், வகுப்பில் யாருக்காவது சின்னம்மை போட்டால் அன்றே உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். தொற்றிய பிறகு பார்த்துக்கொள்ளும் விஷயமில்லை அது. வகுப்புத் தோழர்களிடம் எவ்வளவு சொல்வது என்பதைக் குழந்தையிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

உறவினர் வைத்தியம்

ஒவ்வொரு விசேஷத்திலும் ஒருவர் வருவார்: "எங்களுக்குத் தெரிந்த பையனுக்கு ஒரு கஷாயத்தில் சரியாகிவிட்டது." வாதாடி உங்கள் மூச்சை வீணாக்க வேண்டாம். "மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறோம்" என்ற ஒரே வாக்கியம் போதும். ஒரு கோட்டை மட்டும் கடுமையாகப் போடுங்கள்: எங்களைக் கேட்காமல் யாரும் எதையும் கொடுக்கவும் கூடாது, மருந்தை நிறுத்தச் சொல்லவும் கூடாது. நன்றாக இருக்கிறாளே என்று நிறுத்தும் ஆபத்து நமக்கும் உண்டு. இழைப்புள்ள வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. மூச்சுத் திணறும்போது இழுக்கும் நிவாரண இன்ஹேலரை யாரும் மறப்பதில்லை. தினமும் இழுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலர், குழந்தை நன்றாக ஓடியாடும் மாதத்தில் அலமாரிக்குள் போய்விடும். ஓடியாடுவதே அதனால்தான் என்பது அடுத்த திணறலில்தான் நினைவுக்கு வரும்.

பிள்ளையின் கைக்கு

ஐந்தாறு வயதில் குழந்தை பஞ்சை எடுத்துத் தரலாம், விரலைத் தேர்ந்தெடுக்கலாம். எட்டுப் பத்து வயதில் மருந்தின் பெயரும் அது எதற்கு என்பதும் தெரிந்திருக்கலாம். பக்கத்தில் நீங்கள் இருக்க, அளவைத் தானே எடுக்கலாம். 12 வயதுக்கு மேல் மருத்துவரிடம் முதலில் அவள் பேசட்டும், நீங்கள் விட்டுப்போனதைச் சேருங்கள். கொஞ்சம் போனதும், சந்திப்பின் ஒரு பகுதிக்கு நீங்கள் வெளியே உட்காருங்கள். என்னால் முதல் முறை நாற்காலியில் உட்காரவே முடியவில்லை என்பது வேறு கதை.

கைமாற்றிவிட்டோம் என்று ஒரேயடியாக ஒதுங்கிவிடவும் கூடாது. செய்யத் தெரிந்த வயதும், நாள் தவறாமல் செய்யும் வயதும் ஒன்றில்லை; பதின்ம வயதில் மருந்து தவறுவது மிகச் சாதாரணம். போன ஆண்டு என் மகள் இரண்டு வாரம் சர்க்கரை அளவுக்குப் பொய் எண்களை எழுதிவைத்தாள். கண்டுபிடித்தபோது நான் கத்தியிருந்தால் அடுத்த இரண்டு வாரத்துக்கும் பொய்தான் கிடைத்திருக்கும். "அளவு கூடியிருந்தால் உன் முகம் மாறுகிறது" என்றாள். அதன் பிறகு எண்களுக்கு நல்லது, கெட்டது என்று பெயர் வைப்பதை விட்டோம். கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். சில மாதங்களுக்கு மாலை ஊசியை மட்டும் நாங்கள் திரும்ப எடுத்துக்கொண்டோம். அவள் மறுக்கவில்லை. சற்று நிம்மதியாகக்கூட இருந்தாள் என்று நினைக்கிறேன்.

பெரியவர்களுக்கான மருத்துவப் பிரிவுக்கு மாறும் வயது பல இடங்களில் 18ஐ ஒட்டி வரும். அதற்கு மூன்று நான்கு ஆண்டு முன்பே தயாராகத் தொடங்குங்கள். நோய் வரலாற்றை இரண்டு பக்கத்தில் அவளே எழுதட்டும்: எப்போது தொடங்கியது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, எத்தனை முறை மருத்துவமனையில் தங்கியது, போட்ட தடுப்பூசிகள். குழந்தை மருத்துவரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள். கடைசிச் சந்திப்புக்கும் புதிய மருத்துவரின் முதல் சந்திப்புக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விழும் என்று கேட்டு, அதைவிட ஒரு மாதம் கூடுதலாக மருந்துச் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.